நாலு விரக்கடை

கரையான்சாவடி ஜிம்மில் அவரைத் தண்ணி கேன்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். லுங்கியை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு, அரை டவுசரோடு டெட்லிஃப்ட் மட்டும் போடுவார். குனிந்து கம்பியை இடுப்புவரை தூக்குவார், இறக்குவார், வீட்டுக்குப் போய்விடுவார். நானோ அந்த ஒரு தூக்கலுக்காகவே முதுகுக்கு, தொடைக்கு, கைப்பிடிக்கு என்று எட்டு வகைப் பயிற்சி செய்வேன்.

“வேற எதுவுமே பண்ண மாட்டீங்களா, அண்ணாத்தே?”

“போட்டில இன்னா தூக்க சொல்றான்? இத்தத்தானே? அப்ப இத்த தூக்குனா போதும்.”

டைல்ஸ் உடையக்கூடாது என்று எங்கள் ஜிம்மில் கம்பியின் இரு பக்க வெயிட்டையும் பழைய டயர்கள் மேல் வைத்திருப்பார்கள். ஆவடிப் போட்டியில் டயர் இல்லை. கம்பி நாலு விரக்கடை கீழே கிடந்தது. அவர் தினமும் தூக்கிய அதே எடை, மூன்று முறையும் அசையவில்லை.

மறுநாள் அவர் கம்பியைக் கொல்லைப்புற மண் தரைக்கு எடுத்துப் போனார். என் எட்டு வகையில் இரண்டைச் சிபாரிசு செய்தேன்.

“நாலு விரக்கடைக்குத் தனியா எக்சசைஸ் இன்னா கீது, நைனா? குனியணும்.”

குனிந்தார்.

டயர்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவற்றின் மேலிருந்து நான் நன்றாகவே தூக்குகிறேன்.