அமிர்தநாதர் போட்ட சட்டம்

புலம்பெயர்ந்து வந்த ஊரான வோபர்னில் ஒரே வீட்டில் குடியிருந்தும் அமிர்தநாதரும் கிளடிஸும் படிக்கட்டில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவிக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பகல் வேலை. இவர் வர அவள் போவாள், அவள் வர இவர் போவார். இதற்காகவா கலியாணம் கட்டினோம் என்று அலுத்துக்கொள்ளக்கூட வீட்டில் ஆள் இருக்காது.

அந்தப் பங்குனியில் தொழிற்சாலையில் பகல் வேலைக்கு ஓர் இடம் வந்தது. யாருக்கு என்று நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் கைகழுவிவிட்டார். பேசினால் அடிபிடிதான் வரும். அதனால் கூட வேலை செய்த றொபேட் ஒரு வழி சொன்னான். அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி தொடங்குகிறது. ஆட்டம் உள்ள நாளெல்லாம் ஆளுக்கொரு அணியைச் சொல்ல வேண்டும். அது வென்றால் தப்பினாய், தோற்றால் வெளியே. ஒருமுறை சொன்ன அணியை மறுபடி சொல்ல முடியாது. கடைசிவரை நிற்பவனுக்குப் பகல் வேலை.

"மிச்சச் சட்டத்தை அமிர்தண்ணை போடட்டும்" என்றார்கள் எல்லோரும். அங்கே வருடக்கணக்கில் சீட்டுப் பிடித்தவர் அவர். காசு கட்டாததற்கு ஆட்கள் சொல்லி அவர் கேட்காத சாட்டு கிடையாது. அந்த எரிச்சலில் ஒரு சட்டம் போட்டார். ஆட்டம் உள்ள நாளன்று காலை, வேலை முடிந்து போகுமுன், நேரில் வந்து அணியைச் சொல்ல வேண்டும். முந்தியும் சொல்ல முடியாது, பிந்தியும் சொல்ல முடியாது. சொல்லாதவன் வெளியே.

முதல் வெள்ளிக்கிழமையே கூட வேலை செய்த இரத்தினவேல் அகப்பட்டான்.

"அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில நிக்கிறன். போனிலயே சொல்லட்டே?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி."

பந்தைத் தொட்டே அறியாத அமிர்தநாதரோ புனிதர் பெயருள்ள கல்லூரிகளாகப் பார்த்துச் சொல்லித் தப்பிக்கொண்டே வந்தார். கடைசியில் அவரும் றொபேட்டும்தான் மிஞ்சினார்கள்.

அடுத்து வந்த ஆட்டநாள் பெரிய வெள்ளி. தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் தொடாத மனிதர், சட்டம் போடும்போது கலண்டரைப் பார்க்கவில்லை. சுத்த மடத்தனம். ஆண்டவர் பாடுபட்ட நாளில், சிலுவையடியில் அவருடைய அங்கிக்காகச் சூதாடிய சேவகர்களைப்போல அணி சொல்லி விளையாட அவருக்கு மனம் வரவில்லை.

"நேற்றுச் சொன்னதா வைப்பம் அண்ணை" என்றான் றொபேட். பக்கத்தில் நின்ற இரத்தினவேலும், "சட்டத்தை மாத்துங்கோ அண்ணை, எனக்குக் கோவமில்லை" என்றான்.

அவன் திட்டியிருந்தால் அமிர்தநாதர் மாற்றியிருப்பார். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், அணி சொல்லாமலே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

அன்று மனைவிக்கு விடுமுறை. கிளடிஸ் கட்டிலில் கிடந்தாள்.

"சொன்னீங்களே?"

"இல்லை. பெரிய வெள்ளி."

"அந்தப் பெடியனை அண்டைக்கு விட்டிருந்தா, இண்டைக்கு நீங்களும் மாத்தியிருக்கலாம் என்ன?"

"ஓம்."

"சட்டம் போடேக்கை என்னை ஒருக்கா நினைச்சீங்களே?"

இல்லை என்பதுதான் பதில்.

"சரி, படுங்கோ" என்று அவள் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். "மூண்டு மணிக்குக் கோயிலுக்குப் போகோணும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி அவர் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றி முடிப்பதற்குள் அவள் உறங்கிவிட்டாள்.