குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். நாலாவது படித்த என் மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட்: மாசசூசெட்ஸில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் எப்படி ஊர் அமைத்து ஆண்டார்கள் என்று செய்து காட்ட வேண்டும். ஷூ டப்பாவில் கூட்ட மண்டபம் கட்டினாள். களிமண் ஆண்களை உள்ளே உட்கார வைத்தாள். பெண்களை வெளியே, அடுப்புப் பக்கம்.

"ஏன்டி, பொம்பளைங்க எல்லாம் வெளியில?"

"தே கான்ட் வோட், அம்மா. ஒன்லி மென். சர்ச் மெம்பர்ஸ்."

எனக்கு வந்ததே கோபம்! தங்கள் இஷ்டப்படி சாமி கும்பிட விடவில்லை என்று கடல் தாண்டி வந்தவர்கள், வந்த இடத்தில் பாதிப் பேரை வாசலில் நிறுத்துவதா? இட்லிக்கு அரைத்துக்கொண்டே அவர்களைத் திட்டித் தீர்த்தேன். "செத்து முந்நூறு வருஷம் ஆச்சு, அவங்க மேல ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்று என் கணவர் சிரித்தார்.

அந்த மாதம்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முதல் பொதுக்குழு. பதினோரு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். ஞாயிறு காலையில் வாடகை ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தது நான். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் தீபாவளி நாடக ஒத்திகை வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு.

வகுப்பு தொடரட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முதல் ஆளாகத் தூக்கினேன். செயலாளராக இருந்த டாக்டர் சங்கடமாக நெளிந்தார்.

"மேடம், பைலாஸ்படி ஃபேமிலிக்கு ஒரு ஓட்டு. குடும்பத் தலைவர்தான் போடணும். நீங்கதானே டைப் பண்ணீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், நான்தான். சங்க விதிகள் முழுவதையும் ஆபீஸில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து அடித்தேன். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று அப்பா பெயரைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்த வரி உறுத்தவே இல்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் இரண்டு தடவை பார்த்தேன்.

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கினேன். ஐந்து கைகள் எண்ணினார்கள். வேண்டாம் என்பவர்கள் முறை வந்தது. முன்வரிசையில் எங்கள் வீட்டுத் தலைவரின் கை உயர்ந்தது. அதோடு சேர்த்து ஆறு.

காரில் கேட்டேன். "எப்படிங்க மனசு வந்துச்சு?"

"வாராவாரம் டயர்டா வர்றியே, உனக்கு ரெஸ்ட் கிடைக்கட்டும்னுதான்மா தூக்கினேன்."

நிஜமான அக்கறையோடு சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வகுப்பை மூடியது எங்கள் வீட்டு ஓட்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஷூ டப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தது. புடவைகூட மாற்றாமல், அடுப்படியில் நின்ற களிமண் பெண்ணை எடுத்து மண்டபத்துக்குள் உட்கார வைத்தேன். மகள் ஓடி வந்து, அவளைத் திரும்ப வெளியே வைத்தாள்.

"அம்மா, டோன்ட்! டீச்சர் வில் மார்க் இட் ராங்."