கூரை இல்லாத கல் ஷெட்

போன சனிக்கிழமை கொட்டுகிற மழையில் ஒரு புதுமணத் தம்பதிக்கு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள். எங்கள் ஊர் கொடைக்கானலின் மேற்கு முனையில், மலைக்கிராமம் போளூருக்குப் போகிற பஸ் திரும்புகிற வளைவில், புதுசாகக் கட்டியிருக்கிற நினைவு மண்டபத்தின் நடுவில் ஒரே குடைக்குள் நின்று இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜோடிப் பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது.

போனைத் திருப்பி வாங்கும்போது அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "கூரை வேலை எப்ப ஆன்ட்டி முடியும்?"

என்ன சொல்ல? முடிந்துவிட்டதம்மா... திறப்பு விழா மே மாதமே நடந்துவிட்டது... மண்டபமே இவ்வளவுதான் என்றேன். நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் ஒன்றும் புதிதில்லை. ஏரியைச் சுற்றி ஹாரன் அடிக்கிறவர்கள், ஹோம்மேட் என்று பேர் ஒட்டி மதுரை சாக்லேட்டை விற்கிறவர்கள் — எல்லோரையும் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் பொழுதுபோகாத கோபம். இது அப்படியில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். இப்போது மண்டபம் இருக்கிற அதே இடத்தில் ஒரு காலத்தில் கல் ஷெட் இருந்தது. எந்தக் காலத்திலோ மிஷன்காரர்கள் கட்டியது. நாலு கருங்கல் தூண், இடுப்புயரச் சுவர், உள்ளே சுற்றிலும் கல் பெஞ்ச், மேலே பாசி பிடித்த ஓடு. அழகா? கிடையாது. ஆனால் ஊருக்கே அடையாளம் அதுதான். "கல் ஷெட்டுக்கு மேலே ரெண்டாவது கேட்" என்றால் டாக்ஸிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்து விடுவார். கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடிப்போம்.

அதைவிட முக்கியம், அங்கே நின்றால் நனையாது. போளூர்ப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், பூண்டு மூட்டையோடு காத்திருக்கிறவர்கள், ஸ்கூல் ஹாஸ்டல்களில் வேலை பார்க்கிற ஆயாக்கள் — மலையில் மழை பிடித்துக்கொண்டால் அத்தனை பேரும் அங்கேதான். கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, அடுத்தவர் தோளை உரசிக்கொண்டு, பஸ்ஸைத் திட்டிக்கொண்டு நிற்போம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் பின்னாலிருந்த சரிவு அப்படியே பெயர்ந்து வந்தது. பெரிய தைல மரத்தோடு சேர்ந்து மண் இறங்கிக் கல் ஷெட்டை மூடிவிட்டது. மழைக்கு ஒதுங்கி நின்ற நாலு பேர் போய்விட்டார்கள்.

அதில் ஒருவர் சவரிமுத்து. பக்கத்து ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல். அவர் மனைவி அருள்மேரி அதே ஹாஸ்டலில் ஆயா. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த பஸ் ஏறுவார்கள். அன்றைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். "நீங்க முன்னால போங்க, நான் வெரசா வந்துர்றேன்" என்று அருள்மேரி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஊரே அழுதது. அது நடிப்பில்லை. யாரும் சொல்லாமலே கடைகளை அடைத்தார்கள். சர்ச்சில் பூசை, கோயிலில் விளக்கு, இரண்டிலும் எல்லோரும் இருந்தோம். கல் ஷெட்டை அதே இடத்தில் மறுபடி கட்ட வேண்டும் என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் "சின்னம்" என்று ஒரு வார்த்தையைச் சொன்னார். கெட்டது கதை.

கமிட்டி போட்டார்கள். கல்வெட்டு வாசகம் எழுத ஒரு ஆள் வேண்டுமே என்று, டீச்சராக இருந்த என்னையும் சேர்த்தார்கள். சென்னையிலிருந்து ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் வந்து பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார். நாலு தூண் என்பது நாலு உயிர்களாம். பக்கத்தில் வளைந்து நிற்கிற ஸ்டீல் கம்பி ஊரின் மீண்டெழுதலாம். எல்லாம் சரி தம்பி, கூரை எங்கே என்றேன்.

"கூரை இல்லாததுதான் மேடம் கான்செப்டே. அந்த இல்லாமை... அந்தத் திறந்த வானம்... போனவங்க எங்க போனாங்கன்னு நம்மள அண்ணாந்து பார்க்க வைக்கும்."

கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள்!

மழை வந்தால் என்ன செய்வது என்று நான் விடாமல் கேட்டேன். "மேடம், இதை பஸ் ஸ்டாப்பா பார்க்காதீங்க. ஒரு உணர்வா பாருங்க" என்றார். உணர்வுக்கு ஜலதோஷம் பிடிக்காது. மனுஷனுக்குப் பிடிக்குமே?

சென்னைப் பையனை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கொடைக்கானல்காரர்கள். வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டரை அடுப்பு மேலே காயப்போடுகிற ஜனம். அவர்களுக்கு எப்படி மழை மறந்துபோனது? அந்தக் கூட்டம் நடந்தது மார்ச்சில். ஜன்னலுக்கு வெளியே வானம் நீலமாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திறக்க வேண்டியது மே மாதம், சீசனுக்கு. எங்கள் ஊர் வியாதியே அதுதான். ரோடு போடுவது சீசனுக்கு, பெயின்ட் அடிப்பது சீசனுக்கு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுகூட சீசனுக்கு. மிச்ச மாதங்களில் இங்கே குடியிருக்கிறவர்கள் யாரோ, எவரோ.

அருள்மேரியையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவருக்கு எதற்குப் பொன்னாடை? எனக்குத் தெரியாது. ஏதாவது கேட்க வேண்டுமா என்றதற்கு, எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "நனையாம நிக்கலாம்ங்களா சார்?"

"எல்லாம் நல்லா வரும்மா" என்று கமிட்டித் தலைவர் சொன்னார். டீ வந்தது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். பின்னாலிருக்கிற சரிவுக்குத் தடுப்புச் சுவர் உருப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். மரங்களையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். பயமில்லாமல் நிற்கலாம். நனைந்துகொண்டு நிற்கலாம்.

நான் எழுதிக் கொடுத்த வாசகம் "மழைக்கு ஒதுங்கிய நால்வரின் நினைவாக." கல்வெட்டில் வந்தது "மீண்டெழும் உறுதியின் அழியாச் சின்னம்." அதற்குக் கீழே நாலு பேர் பெயர். அதற்கும் கீழே கமிட்டிக்காரர்கள் பெயர் ஒரு முழத்துக்கு. கல்வெட்டில் தங்க எழுத்து என்பதால் மழை பட்டு மங்கிவிடக் கூடாதே? அதற்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடிக் கூரை!

எதிரே டீக்கடையின் முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு இருந்தது. மண்டபத்தின் வ்யூவை மறைக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, அந்த வளைவில் தலையை நுழைக்க ஒரு சாண் இடம் இல்லை.

இந்த ஐப்பசி பிறந்ததிலிருந்து அருள்மேரி தினமும் அங்கே நனைகிறார். அவருக்கு வீசிங் உண்டு. சேலையை எவ்வளவு இழுத்துப் போர்த்தினாலும் இந்தச் சாரலுக்கு முன்னால் நிற்குமா? இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஆவி பிடித்துவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறினால் என்ன என்று கேட்டேன்.

"அம்புட்டு மேடு என்னால ஏற முடியாதுங்க டீச்சர். மூச்சு வாங்குது. இந்த மழையும் இப்பிடியே போச்சுன்னா வேலைய விட்டுற வேண்டியதுதான். பிள்ளை திண்டுக்கல்லுல நர்சிங் படிக்கிறா... அதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு." சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "எடத்த மாத்தவும் மனசு வரல. இங்கனதான அவரு எனக்காக நின்னாரு."

வீட்டுக்கு வந்து நகராட்சிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பதில் வந்தது — "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி."

திங்கட்கிழமை மண்டபத்துக்கு வேலுச்சாமி வந்தார். போளூரில் பூண்டு பயிர் போடுகிறவர். அவரும் அந்த பஸ்ஸுக்குத்தான் நின்றார். அருள்மேரி இருமுகிற இருமலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விதைப்பூண்டு மூட்டையை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவினார். கூட நின்றவர்களைப் பார்த்து, "ஏலே, வேடிக்கை பாத்தது போதும்டா, ஆளுக்கொரு மூலையப் பிடிங்க" என்றார். நாலு தூணிலும் இழுத்துக் கட்டினார்கள். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கமிட்டி எத்தனை மாதம் உட்கார்ந்தது!

புதன்கிழமை சாயங்காலம் நகராட்சி அதிகாரி ஒருவர் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்தார். அவிழ்க்கத்தான். தகவல் தெரிந்து நானும் குடையோடு போய் நின்றேன். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இது நினைவுச் சின்னம். இங்க தார்ப்பாய் கட்டுறது இறந்தவங்களுக்கு அவமரியாதை இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அருள்மேரி முன்னால் வந்தார். குரல் உயரவே இல்லை.

"அதுல ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு சார். அவரு மழைக்கு ஒதுங்கத்தான் இங்க வந்தாரு. வானத்தப் பாக்க வரல."

அதிகாரி கல்வெட்டைப் பார்த்தார். அருள்மேரியும் பார்த்தார்.

"அவரு பேரு நனையக் கூடாதுன்னு கண்ணாடி போட்டிருக்கீங்க. சந்தோசம். பேரு நனையாமக் கெடக்கு. நான்ல நனையுறேன்?"

தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்திருந்த ஆள் மெல்லக் கையை எடுத்துவிட்டார். அதுவரை தூறிக்கொண்டிருந்த மழை ஓங்கிப் பிடித்தது. ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. அதிகாரியிடம் குடை இல்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். வேலுச்சாமி நகர்ந்து இடம் விட்டார்.

தலையைத் துடைத்துக்கொண்டே அதிகாரி சொன்னார். "சரி... இப்போதைக்கு இருக்கட்டும். சீசனுக்கு முன்னாடி மட்டும் கழட்டிடுங்கம்மா."

"மே மாசமும் மழை பெய்யும்ங்க சார்" என்றார் அருள்மேரி.

பஸ் வந்தது. இருமாமல், தலை நனையாமல் ஏறி உட்கார்ந்தார். போனவர்களுக்கு இந்த ஊர் இதுவரை செய்த ஒரே மரியாதை, எனக்குத் தெரிந்து, அவ்வளவுதான்.