டாக்டருக்குக் கொடுத்த வீடு

கொச்சி மட்டாஞ்சேரியில் கொசு தங்கும், மழைத்தண்ணீர் தங்கும், ஊர் ஊராகச் சுற்றிய என்னைப் போன்றவன்கூட வந்து தங்கிவிட்டான். டாக்டர் மட்டும் தங்கமாட்டார்.

எட்டாம் வகுப்போடு கம்பம் ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, மும்பையில் ஓட்டல், கோழிக்கோட்டில் மூட்டை தூக்கல் என்று பார்த்து, கடைசியில் இங்கே பெயின்ட் அடிக்கிறவனாக நின்றேன். மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள். பாலக்காட்டிலிருந்து துணி விற்க வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதுவது மலையாளத்தில். விடிந்ததும் அடுப்பின் முன் நின்று பத்திரி என்னும் அரிசி ரொட்டி சுட்டு இரண்டு சாயாக்கடைகளுக்குக் கொடுப்பாள். நின்றபடியேதான் சுட வேண்டும். அதனால்தான் அவளுடைய வலது கால் பெருவிரலைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. காலில் ஏதோ குத்தியிருக்கிறது, தெரியவில்லை. செருப்பில் ஈரம் பட்ட பிறகுதான் பார்த்தாள். காயலுக்கு அக்கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில், பார்த்த மாத்திரத்தில் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். பெருவிரல் போனால் நிற்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும் என்றும் அவர்களே சொன்னார்கள். அவள் மேசையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது எங்கள் பகுதி ஆரோக்கிய நிலையம். அங்கே நர்ஸ் இருந்தார், மருந்து இருந்தது. டாக்டர் இருக்கும்போது இருப்பார். வருகிறவர்கள் எல்லாம் ஒப்பந்தத்தில் வரும் சின்னப் பையன்கள். ஸ்டெதஸ்கோப் ஒரு கையில், மேற்படிப்புத் தேர்வுப் புத்தகம் மறு கையில். முகம் பழகுவதற்குள் இடம் கிடைத்துப் போய்விடுவார்கள். அடுத்தவர் வந்து முதலிலிருந்து கேட்பார்: “எத்தனை நாளாச்சு? சர்க்கரை எத்தனை? இந்த மாத்திரை யார் எழுதினது?” ஒருவர் எழுதியதை அடுத்தவர் நிறுத்துவார். புண் மட்டும் நிற்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் என் மனைவி நர்ஸிடம் கேட்டாள், “சேச்சி, நீங்களே எழுதித் தரக்கூடாதா? இவ்வளவு நாளா கட்டுறது நீங்கதானே?”

“கட்டலாம், இத்தா. எழுதறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல,” என்றார் நர்ஸ். அவரும் ஒப்பந்தம்தான். கும்பளங்கியிலிருந்து நெரிசலான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்.

இந்த நிலைமையில்தான் வார்டு கவுன்சிலருக்கு ஒரு யோசனை வந்தது. டாக்டர் வரவில்லை என்றால் ஆசை காட்டி வரவழைப்பது. சம்பளத்துக்கு மேல் உள்ளூர் நிதியிலிருந்து ஒரு தொகை, குடியிருக்க இலவச வீடு, கரண்டும் தண்ணீரும் சும்மா. ஒரே நிபந்தனை, டாக்டர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். பஸ் பிடித்து ஓடிவிடக் கூடாதே என்று அந்த நிபந்தனையைப் போட்டவர்களுக்குப் பெருமை.

அந்த வீடு எங்கள் சந்திலேயே, எங்கள் வாசலுக்கு நாலு வாசல் தள்ளி இருந்தது. கொசுப்புகை அடிக்கும் இயந்திரமும் கிழிந்த தார்ப்பாயும் கிடந்த இடம். சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. ஆரோக்கிய நிலையத்துக்கு அடித்து மிச்சமிருந்த வெளிர் பச்சையை அடித்தேன்.

கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “எந்தா சேட்டா இது? நாள் முழுக்க ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தாலும் ஆஸ்பத்திரியா? வேற நிறம் அடி.”

“டாக்டருக்கு என்ன நிறம் பிடிக்கும்?”

“அது வந்தாத்தானே தெரியும்.”

மஞ்சள் அடித்தேன்.

டாக்டர் வந்தார். மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண். கணவர் கல்ஃபில். செண்டை அடித்து, மாலை போட்டு, சந்து முக்கில் அவர் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மைக்கைக் கொடுத்ததும், “ஒன்பது மணிக்கு ஓ.பி. தொடங்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

என் மனைவியின் கால் பக்கம் அவர் குனிந்து, விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முதலில் சர்க்கரை எத்தனை என்று கேட்கவில்லை.

“வெட்டண்டா,” என்றார். பிறகு எனக்குப் புரிய வேண்டுமென்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “வெட்டவேண்டாம். பக்ஷே, மூணு நாளைக்கு ஒரு தரம் நான் பாக்கணும். நான்தான் பாக்கணும். புதுசா ஒராள் பாத்தா கத்திதான் தோணும்.”

அந்த வார்த்தையோடு நாங்கள் நடந்துவந்தோம். கறுத்துக் கிடந்த ஓரம் சில வாரங்களில் சிவந்தது. டாக்டர் இங்கே இருக்கும்வரை விரலும் இருக்கும் என்று எங்களுக்குத் தெளிவாயிற்று.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாகக் குடிவந்த வீட்டுக்குச் சோறு அனுப்ப வேண்டும். கொங்கணி வீடு, குஜராத்தி வீடு, எங்கள் ஆட்கள் வீடு, யாரும் விலக்கில்லை. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு பழமாவது போட்டுத்தான் தர வேண்டும். டாக்டருக்கு அது தெரியவில்லை. முதல் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வெறுமனே கொடுத்தார்.

“டாக்டரே, எங்க வீட்டுல எல்லாருக்கும் சர்க்கரைன்னு தெரிஞ்சுதான் இப்படிக் குடுத்தியா?” என்று ஒரு கிழவி கேட்க, சந்தே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அடுத்த நாள் ஒரு சீப்பு பழம் வாங்கி வைத்துக்கொண்டார்.

அது முடியவே இல்லை. பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அதை எடுக்க வருவார்கள். எடுக்க வரும்போது இடுப்பில் ரிப்போர்ட் இருக்கும். “பாத்திரம் எடுக்க வந்ததாக்கும் டாக்டரே. வந்ததோட இந்த எக்ஸ்ரேயும் ஒண்ணு பாத்துடுமோ?” பக்கத்து வார்டிலிருந்துகூடப் பாத்திரம் வரத் தொடங்கியது. இடக்கொச்சியிலிருந்து ஒருவர் கரிமீன் கொண்டுவந்தார், அவருக்கு முழங்கால் வலி. ஓ.பி.யில் சீட்டு எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு முன்பே, மீன்குழம்பு கொடுத்தவர்களுக்கு வைத்தியம் முடிந்திருந்தது.

என் மனைவி ஒரு நாளும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல் வீங்கி, பாதம் கொதித்தது. நாலு வாசல்தான், நான் போய்க் கூப்பிடுகிறேன் என்றேன்.

“போகப்படாது,” என்றாள். “அந்தப் பொண்ணு ஆறு நாள் கால் பாக்குது. ஏழாம் நாளும் காலா? நாளைக்கு ஓ.பி.யில பாக்கலாம்.”

திங்கட்கிழமை பார்த்தபோது டாக்டர் அவளைத் திட்டினார். நேற்றே வந்திருக்க வேண்டும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “வராம இருந்ததுக்குத் தாங்க்ஸ்,” என்றும் சொன்னார். அன்று அவருடைய கண்ணுக்குக் கீழே கறுப்பு.

ஜன்னல் கம்பிக்கு இரண்டாவது கோட் அடிக்க அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது டாக்டர் மெதுவாகக் கேட்டார், “சேட்டா, ஒரு உபகாரம். வெளியில பூட்டிட்டு, சாவிய ஜன்னல் வழியா எனக்குத் தருமோ? நான் இல்லைன்னு நினைக்கட்டும்.”

பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். இருட்டியதும் ஜன்னல் வழியாகவே வாங்கித் திறந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பிப் போனார்கள். டாக்டர் முகத்தில் தெளிவு வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு மதியம் சந்தில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். கூட்டம் நின்றது. யாரோ ஒரு பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஃபேன் ஓடுகிறது, கட்டிலில் டாக்டர் அசையாமல் கிடக்கிறார், வெளியே பூட்டு.

“யாரோ பூட்டிட்டுப் போயிட்டான்!”

“விளிச்சா கேக்கல. மயக்கம் போட்டிருக்கும்.”

“பாவம், தனியா இருக்கிற பெண்ணு.”

நான் கூட்டத்தை விலக்கி முன்னே போய், “மயக்கம் இல்ல, தூங்குறாங்க. பூட்டச் சொன்னதே அவங்கதான்,” என்று கத்தினேன்.

“தன்னைத் தானே யாராவது வெளியில பூட்டுவாங்களா? நீ குடிச்சிருக்கியா அண்ணாச்சி?” என்றான் குட்டியானை மினி லாரி ஓட்டுகிறவன், எங்கள் எதிர்வீட்டுக்காரன். வண்டிக்கு ஜாக்கி வைக்கும் கம்பியைப் பூட்டுக்குள் விட்டு ஒரு நெம்பு. பூட்டு தெறித்தது. கதவு திறந்தது.

டாக்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். தலை கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோடு. கூட்டம் கை தட்டியது. ஒருத்தி அழுதாள். ஒருத்தி சுக்குக் காப்பி கொண்டுவர ஓடினாள். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் கவுன்சிலரிடம் அவர் சொன்னது சின்ன விஷயம். வீடு வேண்டாம், கூடுதல் தொகையும் வேண்டாம். பாலம் தாண்டித் தேவராவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்கிறேன், ஒன்பது மணிக்கு இங்கே இருப்பேன். அவ்வளவுதான். புத்தி உள்ள எவனும் சரி என்று சொல்லியிருப்பான்.

வார்டு சபை கூடியது. வேலையை விட்டுவிட்டு நானும் போனேன். கவுன்சிலர் நல்ல மனிதர்தான். அவருக்கும் சங்கடம். “திட்டம் பாஸானதே டாக்டர் இங்கயே குடியிருந்து தாமசிக்கும்னு சொல்லித்தான். இந்த நியமனமே அந்தத் திட்டத்துல உள்ளது. தாமசிக்கல்லேன்னா நியமனம் போச்சு. நாளைக்கு ஆடிட்ல நான் பதில் சொல்லணும்.”

“நிபந்தனைய மாத்துங்க,” என்றேன்.

“மாத்தலாம். மேல போய் வரணும். அடுத்த வருஷத் திட்டத்துல பாக்கலாம்.”

“அதுவரைக்கும் யார் பாக்குறது?”

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். “டாக்டர் ஏன் போகுதுன்னு யோசிக்கணும். ஒரு ஏசி வெச்சுக் குடுங்க. அப்ப இருக்கும்.”

“அவங்க ஏசி கேக்கல. தூங்க விடுங்கன்னு கேட்டாங்க,” என்றேன்.

“ஏசி போட்டா நல்லாத் தூங்கலாமே!”

சிரிப்பு அடங்கவில்லை. ஏசியும், கூடுதல் தொகையை உயர்த்துவதும் தீர்மானமாயின. கை தூக்கச் சொன்னார்கள், எல்லாரும் தூக்கினார்கள். பூட்டை உடைத்தவனும் தூக்கினான். இலவச வீட்டை அந்தக் கும்பளங்கி நர்ஸுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம் என நினைத்தேன். அதற்குள் சாயா வந்துவிட்டது, நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள்.

டாக்டர் போனார். தேவராவில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். எங்கள் ஆரோக்கிய நிலையத்துக்குப் பதில் ஆள் வரவில்லை. நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே, “எனக்கு இதப் பாத்தா பயமா இருக்கு, இத்தா. யாராவது டாக்டர் பாக்கணும்,” என்றார். மறுபடி அக்கரை, மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. காலைத் தொடாமலே ஒரு புதுப் பையன், “எடுத்துடலாம், அம்மா,” என்றான். டாக்டர் சொன்னபடியே கத்திதான் தோன்றியது. அவன்மேல் குற்றமில்லை. அவன் பார்த்தது அன்றைய புண்ணை மட்டும்தான்.

தேவராவுக்குப் போனோம். தோப்பும்படியில் இறங்கி பஸ் மாறி, அங்கிருந்து நடந்து. டாக்டர் கட்டைப் பிரித்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்பவும் வெட்டண்டா,” என்றார். “பக்ஷே, இவ்வளவு தூரம் நடந்து வந்தா ஆறாது.”

“நடக்காம எப்படி வரது, டாக்டரே?” என்றாள் என் மனைவி.

அதற்கு அவரிடமும் மருந்து இல்லை. ஆட்டோ வைத்துக்கொண்டு வரலாம், எத்தனை நாளைக்கு? திரும்பி வரும் பஸ்ஸில் நான் முடிவு செய்துவிட்டேன். வேலைக்காக இத்தனை ஊர் மாறியவன் ஒரு விரலுக்காக ஒரு பாலம் தாண்ட முடியாதா?

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “உங்களுக்கு ஊர் மாறுறது சட்டை மாத்துற மாதிரி. என் பத்திரி யார் வாங்கும் அங்க? எனக்கு அங்க யாரத் தெரியும்?”

“டாக்டரத் தெரியும்.”

இரண்டு நாள் அவள் வழக்கம்போலப் பத்திரி சுட்டுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பத்திரிக் கல்லைக் கழுவி, சாக்கில் சுற்றி வைத்தாள்.

தேவராவில் வாய்க்கால் ஓரமாக ஒரே அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் வேக்காடு. ஆனால் ஆஸ்பத்திரி அடுத்த திருப்பத்தில். மட்டாஞ்சேரியில் ஒரு டாக்டருக்கு வீடு கொடுத்து, அது சும்மா கிடக்கிறது. நாங்கள் அந்த டாக்டருக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போகிறோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாமான் ஏற்ற எதிர்வீட்டுக்காரனே தன் குட்டியானையைக் கொண்டுவந்தான். கூலி வேண்டாம் என்றான். கட்டிலைத் தூக்கினான், அலமாரியைத் தூக்கினான். இவனை வெறுக்கவும் முடியவில்லை.

“அண்ணாச்சி, நம்ம டாக்டர் தேவராவிலதானே? வீடு எந்த பாகத்துல?”

“ஆஸ்பத்திரியிலதான் பாத்தோம்.”

“அது எனக்கும் தெரியும். தாமசிக்கிற வீடு?”

அந்த வீடு எனக்குத் தெரியும். எங்கள் புது அறைக்குப் போகும் வழியில்தான், சிவப்பு கேட். டாக்டர் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன்.

“தெரியாது,” என்றேன்.

“கண்டா சொல்லு, கேட்டோ. ஒண்ணுமில்ல, உம்மாவுக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குது. இங்க யாரும் இல்லியே.”

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுடைய உம்மா வாசலில் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்துக் கையும் அசைத்தார். நான் அலமாரியைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி என்னையும் பார்த்தாள், அந்த அம்மாவையும் பார்த்தாள். எதுவோ சொல்ல வாயெடுத்தாள்.

“ஓ.பி. ஒன்பது மணிக்கு. டோக்கன் எடுத்துக் கூட்டிட்டு வா. அங்க சேர் இருக்கு, உக்கார வைக்கலாம்,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவள் பேசுவதற்குள் வண்டிக் கதவைச் சாத்தினேன்.