குடும்பப் பெயர்: மேட்டு வூடு

கணினித் திரையில் அந்த வரி அப்படியே இருந்தது. நூலகர் மேடத்தின் பெயர், மொரப்பூர்க் கிளை, அதற்கடுத்து 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் 'மேட்டு வூடு'. மேடத்தை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த வரியை நீக்கிவிடும்படி மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு போட்டவர்களுக்கு அது ஒரு வரி. எனக்குக் கை ஓடவில்லை.

மாவட்டத்து நூலகங்களைக் கணினியில் இணைத்தபோது எங்களுக்கு ஒரு டைரக்டரி கொடுத்தார்கள். அதில் புத்தகம் எதுவும் இருக்காது. எந்தப் புத்தகம் எந்த ஊர் அலமாரியில் இருக்கிறது, எது கணினிக் கோப்பாக இருக்கிறது, அதைத் திறந்து படிக்க யாருக்கு அனுமதி என்று கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அது சொல்லாவிட்டால் அத்தனை புத்தகங்களும் இருந்தும் இல்லாத கதைதான். தருமபுரியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் வைத்துவிட்டார்கள். நமக்கு ஏது அது? இனிஷியலோடு சரி. நாங்கள் எல்லோரும் அங்கே ஒரு புள்ளியை வைத்துத் தப்பித்துக்கொண்டோம். மேடம் மட்டும் குடும்பப் பெயர் என்றால் வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். நல்லம்பள்ளிப் பக்கம் அவர் பிறந்த வீடு மேட்டில் இருந்ததாம். ஊருக்கே அது மேட்டு வூடு. உறுப்பினராகச் சேர வருகிறவர்களிடமும் "உங்க வூட்டுக்கு ஊருக்குள்ள என்னா பேருங்க?" என்று கேட்டு, புளியமரத்து வூடு, ஓட்டு வூடு என்று ஏற்றிக்கொண்டே போனார். "இது டைரக்டரியா, கல்யாணப் பத்திரிகையாங்க மேடம்?" என்று போனில் சீண்டினேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வெறும் புள்ளி வெச்சா அது ஆளாங்க சார்? யாரு வூட்டு ஆளுன்னு தெரிய வேணாமா?"

சித்தேரி மலையிலிருந்து படிக்க வந்த சிலரிடம் முகவரிச் சான்று இல்லை. துறை ஊழியர் ஒருவர் பொறுப்பேற்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. பொறுப்பேற்பவரின் கட்டத்தில் மட்டும் டைரக்டரி புள்ளியை ஒப்புக்கொள்ளாது, பெயர் வேண்டும். மேடம் யோசிக்கவே இல்லை. அத்தனை பேரையும் மேட்டு வூட்டின் பொறுப்பில் சேர்த்துவிட்டார்.

உத்தரவு வந்த அன்றே, 'உங்கள் பொறுப்பாளர் நீக்கப்படுகிறார்' என்று அவர்கள் போன்களுக்கெல்லாம் தகவல் தானாகப் போய்விட்டது. மறுநாள் காலை சித்தேரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவள். பாதிப் பாடத்தை மொரப்பூரில் எடுத்த புத்தகங்களிலும், மீதியைச் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் உட்கார்ந்து போனிலும் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் பேர எடுத்துட்டா எங்களுக்குத் தொறக்காதாமே, நெசங்களா சார்? அடுத்த வாரம் பரீச்சைங்க. அவங்க போனதே இன்னும் மனசு ஆறல."

நிஜம்தான். மொரப்பூருக்குப் புது நூலகர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பொறும்மா என்று போனை வைத்துவிட்டு என்னுடைய வரியைத் திறந்தேன். இத்தனை வருடமாக நான் வைத்த புள்ளி அங்கே கிடந்தது. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டைக் கெணத்து வூடு என்பார்கள். கிணற்றை மூடியாயிற்று, வீட்டையும் விற்றாயிற்று. புள்ளியை அழித்துவிட்டு அந்தப் பெயரை அடித்தேன். டைரக்டரி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. மலைக்காரர்களை ஒவ்வொருவராக என் பொறுப்புக்கு மாற்றினேன். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்ததால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. மேடம் உயிரோடு இருந்திருந்தால், இப்பவாச்சும் வழிக்கு வந்தீங்களே என்று கேலி செய்திருப்பார்.

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இப்பத் தொறந்து பாரும்மா."

"தொறந்துக்கிச்சுங்க சார்," என்றாள். உடனே குரல் தயங்கியது. "மேட்டு வூடுன்னு இருந்த எடத்துல கெணத்து வூடுன்னு இருக்குதுங்களே, அது யாருங்க?"

"நாந்தாம்மா," என்றேன்.

போனை வைத்துவிட்டு மேடத்தின் வரியை இன்னொரு முறை முழுதாகப் படித்தேன். அதற்கப்புறம்தான் நீக்கினேன்.