நூலைக் கடித்த பல்

என் மனைவி தையல்காரி. கத்தரிக்கோல் கையெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். சொன்னால் கேட்கிற ஆளா? ஒருநாள் ஜீன்ஸுக்குப் போடும் தடித்த நூலை அப்படிக் கடித்து இழுத்தாள். முன்பல்லில் பாதி தெறித்து மிஷினுக்கு அடியில் விழுந்தது.

அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சிரிப்புக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. நானே அப்படி வந்து மாட்டியவன்தான். பல் உடைந்ததும் அந்தச் சிரிப்பு அடியோடு நின்றுபோனது. பேசும்போதுகூடக் கை வாய்க்குப் போய்விடும். என் கேலி, கிண்டல் எதுவும் எடுபடவில்லை. இனி சிரிக்கவே மாட்டாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். பெரிய விளக்கை அணைத்துவிட்டு இவளை ஜன்னலோரம் நிறுத்தினார்.

"பல்லு காஞ்சா வெளுத்துக் காட்டும்மா. அதனால கலரை முதல்லயே பாத்துடணும்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நான் துணிக்கு நூல் பாக்கற மாதிரியே பாக்கறாங்க," என்றாள். போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டாள்.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். பிசைந்த மாவு மாதிரி ஒரு பசை. உள்ளே வைத்தது லேசான மஞ்சள்; மேலே பூசியது ஒளி ஊடுருவும் மெல்லிய வெள்ளை. ஒவ்வொரு பூச்சுக்கும் நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகுகிறது. பக்கத்துப் பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் நான் கவனித்ததில்லை. டாக்டர் அதைப் பார்த்துப் பார்த்து, புதுப் பல்லிலும் அதன் சாயலை வைத்தார். தேய்த்து மெருகேற்றியதும் ஒட்டிய கோடு எங்கே என்றே தெரியவில்லை. கடவுளே, இது மனிதக் கையா!

"நீளம் சரியான்னு பாக்கணும். நல்லா சிரிங்கம்மா."

அவள் உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். கை தானாக மேலே எழுந்தது.

"சார், நீங்க எதாவது சொல்லி சிரிக்க வைங்களேன்," என்றார் டாக்டர்.

நாள் முழுக்க வாயடிக்கிற நானோ, உடைந்த பல் எது என்று தெரியாமல், பிளந்த வாயோடு நின்றேன். அவள் எதிரே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, வாயை மூடுங்க. உங்களுக்கும் ஒரு பல்லு கட்டிடப் போறாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்தாதீங்கம்மா, அப்படியே சிரிங்க," என்று டாக்டர் குனிந்து பல்லைப் பார்த்தார். எனக்குத்தான் கண் நிறைந்து ஒன்றுமே தெரியவில்லை.