அக்கா விசாரிக்க வந்தாள்

மால்ட்டாவில் நான் குடியிருக்கும் தெருவின் தேவாலயக் கோபுரத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது வேண்டுமென்றே தப்பாகக் காட்டும். பூசை நேரம் சாத்தானுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது அந்தக் கோபுரத்தைக் கடக்கும்போது சிரிப்பு வருவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களை இந்தத் தீவு எப்படிப் பார்க்கிறது என்பது, அக்கா வந்த அன்று எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

கோமதி அக்காவை இரண்டு வாரத்துக்கு அழைத்திருந்தேன். குறுகிய கால விசாவுக்கு என் அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று, பயணக் காப்பீடு, அவளுடைய பென்ஷன் கணக்கு, திரும்பும் டிக்கெட் எல்லாம் வேண்டும். இவ்வளவையும் கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வருகிறவள் திரும்பிப் போவாளா? விசா கிடைத்துவிட்டாலும் கதவு திறந்ததாக அர்த்தமில்லை, விமான நிலைய அதிகாரி நினைத்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அவள் தங்கிவிட்டால் அழைத்த எனக்கும் சிக்கல். அக்காவுக்கோ கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. "அங்கனயே இருந்துட்டா என்னட்டி?" என்று போனில் ஒருமுறை கேட்டிருந்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். ஆனாலும் அது மனசுக்குள் கிடந்து உறுத்தியது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம் இலத்தூர். அக்கா தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம்தான் அவளுக்கு டூட்டி. பள்ளி நாட்களில் அவளுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். சாரலில் தொப்பலாக நனைந்து நிற்பவள், என் முகத்தைப் பார்க்காமலே தூக்குச்சட்டியை வாங்குவாள். "குளிக்கவளப் பாக்காத. அருவிக்குள்ள நின்னுக்கிட்டு குளிக்காம இருக்கா பாரு, அவளப் பாரு. சங்கிலி அறுக்க வந்தவ அவதான்" என்பாள். உலகத்தில் யாரையும் அப்படித்தான் பார்த்துப் பழகினாள்.

விமானம் இறங்கி வெகுநேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. ஓர் அதிகாரி வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்கள் அக்கா போலீஸா? உங்களை விசாரணை செய்ய வந்திருப்பதாகச் சொல்கிறாரே" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கு அக்கா, ஸ்டேஷனில் பழகிய இங்கிலீஷில் "என்கொயரி" என்றிருக்கிறாள். தங்கச்சியை நலம் விசாரிக்க என்று பொருள். நான் விளக்கிச் சொன்னேன். அவர் "மெலா..." என்று இழுத்தார். மால்ட்டா மொழியில் 'அப்படியென்றால்' என்பது மாதிரி ஒரு சொல். அக்கா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல என்னத்தக் காட்டுதான்?" என்று என்னிடம் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "இவர் திரும்பிப் போய்விடுவார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். போனில் அவள் கேட்டது குறுக்கே வந்து நின்றது. அந்தச் சின்ன இடைவெளியை அவரும் கவனித்தார், அக்காவும் கவனித்தாள். பிறகுதான் "போவார்" என்றேன். அவர் திரும்பும் டிக்கெட்டை மறுபடி பார்த்தார், என் கடிதத்தைப் படித்தார், என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அக்காவின் விரல்களை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். அவள் கட்டைவிரலைப் பக்கவாட்டில் வைத்து உருட்டினாள். எத்தனையோ பேருடைய ரேகையை மையில் உருட்டி எடுத்த பழக்கம். இயந்திரம் ஏற்கவில்லை. அவரே அவள் கையைப் பிடித்துத் தட்டையாக வைத்தார். அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

முத்திரை குத்தி அனுப்பியதும் பஸ் ஏறினோம். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்: "ஒன் பாஸ்போர்ட் எங்கன இருக்கு?"

"அலமாரியிலக்கா. எதுக்கு?"

"எடுத்துட்டு வா."

கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள்.

"நம்ம பக்கம் ராயகிரி ஊருப் பிள்ளை ஒருத்தி வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போனா. பாஸ்போர்ட்ட வீட்டுக்காரன் பிடுங்கி வச்சுக்கிட்டான். ஆனா போன்ல தெனமும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லிருக்கா. நீயும் அதத்தான சொல்லுத? கண்ணால பாக்காம எப்படி நம்ப?" பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டியபடி சொன்னாள்: "நான் இருக்கதுக்கு வரலட்டி. பதினாலு நாள் எனக்கு அதிகம்."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மாலை கடற்கரைக்குப் போனோம். பாறையில் உட்கார்ந்தோம். சூரியன் எங்களுக்கு எதிரே தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்றாள்.

திரும்பி, படிகளுக்கு மேலே தெரிந்த என் வாடகை வீட்டின் பக்கம் கை காட்டினேன்.

"நான் இலத்தூரக் கேட்டேன்."

நீட்டிய கையை இறக்காமலே, "அதுவும் அந்தப் பக்கந்தான்க்கா" என்றேன். அக்கா என் கையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.